அரை விரல் சரிவு

ஜனவரி 9

அன்புள்ள பம்பரத்துக்கு,

மாமா சொல்லச் சொல்ல எழுதுவது.

நீ முதன்முதலாகச் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து டென்னிஸ் ஆடியது எந்த வருஷம் என்று கேட்டு அட்டை போட்டிருந்தாய். பத்திரிகைக்காரர் கேட்டாராம், உனக்கே சரியாக நினைவில்லையாம். வருஷத்தின் நம்பர் எனக்கும் தெரியாது. நம்பர் தெரிந்தவர்கள் எல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். ஆனால் வருஷத்தை நன்றாகத் தெரியும். பாலத்து மேல் சரக்கு ரயில் கவிழ்ந்து மூன்று நாள் ஆற்றில் சர்க்கரை கரைந்ததே, அந்த வருஷம். ஊரில் இருந்த எறும்பெல்லாம் கரைக்குக் குடிபோயிற்று. பட்டப்பகலில் சூரியன் மறைந்து, கோழிகள் கூண்டுக்குள் போய் அடைந்துகொண்டதும் அதே வருஷம்தான். நூல் மில்லில் நாற்பத்தொரு நாள் கதவடைப்பு. கதவு திறந்த அன்று காலையில் மில் சங்கு ஊதியபோது உன் நாற்காலிக்கு நான் கடைசி வெல்டிங் வைத்துக்கொண்டிருந்தேன். உனக்குப் பதினாலு வயது. "மாமா, சங்கு எனக்குத்தான் ஊதுறாங்க" என்றாய். இதை வைத்துக்கொண்டு அந்தப் பத்திரிகைக்காரர் நம்பரைக் கண்டுபிடித்துக்கொள்ளட்டும்.

இதை எழுதுவது கீழே மருந்துக்கடை வைத்திருக்கும் அம்மா. மத்தியானம் கடையைச் சாத்திவிட்டுச் சாப்பிட வருகிற நேரத்தில் எனக்காக அரை மணி ஒதுக்குகிறாள். டாக்டர்கள் கையெழுத்தையே படித்துப் பழகினவள், என் பேச்சு அவளுக்கு ஒன்றும் பெரிய கஷ்டமில்லை. உன் அம்மா இருந்தவரைக்கும் எனக்கு இந்தத் தொல்லையெல்லாம் கிடையாது. நான் பேசினால் என் தங்கை எழுதிவிடுவாள். எனக்குக் கையெழுத்துப் போடக்கூடத் தெரியாது என்று நான் ஒருநாளும் வருத்தப்பட்டதில்லை, அவள் இருந்தாள் என்பதால்.

போனில் பேசலாமே என்கிறாய். இடது காது செத்துவிட்டது. வலது காதில் உன் குரல் டப்பாவுக்குள் அடைத்த வண்டு மாதிரி கேட்கிறது. நான் பதிலுக்குக் கத்தினால் நாலு மாடிக்கும் நம் குடும்ப விஷயம் தெரிந்துவிடுகிறது. கடிதமே போதும்.

லிஃப்ட் நின்று பதினாலு மாதம் ஆகிறது. இரண்டாம் மாடியில் இருந்துகொண்டு ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்க்கிறேன். எதிர்ச் சுவரில் எத்தனை செங்கல் பெயர்ந்திருக்கிறது என்று கேள், சொல்கிறேன். கடைசியாகக் கீழே இறங்கியது உன் அம்மாவை எடுத்த அன்றைக்கு. அவளை நாலு பேர் தூக்கினார்கள், என்னை இரண்டு பேர் தூக்கினார்கள்.

உன் பழைய நாற்காலி சுவர்க் கொக்கியில் பத்திரமாகத் தொங்குகிறது. தினமும் துடைக்கிறேன்.

மாமா

*

ஜனவரி 24

மாமாவுக்கு,

சர்க்கரை ரயிலைப் பத்திரிகைக்காரரிடம் சொன்னேன். வருஷத்தை எழுதிக்கொண்டார். சர்க்கரையை எழுதவில்லை.

இப்போது ஓர் அவசரம். விமானத்தில் என் நாற்காலியை உடைத்துவிட்டார்கள். சாமான் அடுக்குகிற இடத்தில் அதன் மேல் எதையோ போட்டிருக்கிறார்கள். சட்டம் வளைந்து, சக்கரம் வாயைப் பிளந்துகொண்டு வந்து சேர்ந்தது. மன்னிப்புக் கடிதம் மட்டும் மடிப்புக் கலையாமல் வந்தது.

உடைந்தது, நீங்கள் செய்ததைப் பார்த்துச் செய்த மூன்றாவது நாற்காலி. முதல் நகல் எடுத்தபோதே தொழிற்கூடத்து மெக்கானிக் கேட்டார்: "இருக்கை வலது பக்கம் கொஞ்சம் இறங்கியிருக்கே, வேணும்னே செஞ்சதா?" "எங்க மாமா கை தப்பு பண்ணாது, அப்படியே செய்யுங்க" என்றேன். அந்தச் சாய்வு இருந்ததால்தான் வலது பக்கம் தாழ்வாக வரும் பந்து எதுவும் இத்தனை வருஷம் என்னைத் தாண்டிப் போனதில்லை. பத்திரிகைகள் அதற்கு 'சாய்வு அடி' என்றே பெயர் வைத்துவிட்டன. எனக்கென்றே யோசித்து நீங்கள் அப்படி வைத்தீர்கள் என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிகிறேன்.

இரவல் நாற்காலியில் மூன்று போட்டி ஆடினேன். மூன்றிலும் முதல் சுற்றோடு வெளியே. நேரான நாற்காலியில் எனக்கு எதுவும் நேராகப் போகவில்லை. ஆகவே பழைய நாற்காலியின் அளவுகள் எல்லாம் உடனே வேண்டும். முக்கியமாக இருக்கையைத் தாங்கும் இரண்டு பக்கத்து உயரமும்.

ஏப்ரல் முதல் வாரம் தேர்வுப் போட்டி. முதல் நாலு பேருக்குள் வராவிட்டால் அணியில் இடமில்லை. அணியில் இல்லையென்றால், ஆட்டத்துக்காக எனக்கு வேலை கொடுத்த கம்பெனியின் வீட்டைக் காலி செய்ய வேண்டும். வாசலில் சரிவுப் பாதை போட்டு, கதவெல்லாம் அகலமாக வைத்த வீடு, அது மாதிரி இன்னொன்று எனக்குக் கிடைக்காது. அப்புறம் நான் வரக்கூடிய ஒரே இடம் உங்கள் இரண்டாம் மாடிதான். ஆளுக்கு ஒரு ஜன்னலாக உட்கார்ந்து செங்கல் எண்ணலாம்.

இங்கே பயிற்சி விடுதியில் எனக்குக் கொடுத்திருக்கிற அறையில் ஜன்னல் திறக்காது. குளியலறைக் கதவு என் சக்கரத்தைவிட இரண்டு விரல் குறுகல். கட்டிலிலிருந்து நாற்காலி, நாற்காலியிலிருந்து ஸ்டூல், ஸ்டூலிலிருந்து குளிக்கிற பலகை. கையை ஊன்றி உடம்பைத் தூக்கிப் போடுவது ஒரு நாளைக்குப் பதினாறு தடவை. எண்ணிவிட்டேன். வலது தோள் ஒவ்வொரு தடவையும் ஏதோ சொல்கிறது. இங்குள்ள டாக்டரம்மா படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "இது உங்களுக்குத் தோள் இல்லைங்க, கால். இன்னும் ஒரு வருஷம் இப்படியே ஆடினா, கட்டில்ல இருந்து எறங்க ஆள் வேணும்" என்றாள். ஆடாவிட்டால் வீடு போகும், ஆடினால் தோள் போகும். உங்களுக்கு எது நல்லதாகத் தோன்றுகிறது?

இன்னொரு செய்தி. அணிக்குப் புதுப் பயிற்சியாளர் நெட்டை. என் முதல் போட்டியில் என்னிடம் தோற்றாளே, உட்கார்ந்தபடியே எல்லாரையும்விட அரையடி உயரமாகத் தெரிவாளே, அவளேதான். பதினோரு வருஷமாக எங்களுக்குள் பேச்சில்லை. அன்றைக்கு உடை மாற்றும் அறையில் எல்லார் எதிரிலும், "உன் மாமா நாற்காலி உன்னைத் தின்னுதுடி" என்றாள். அதோடு முறித்துக்கொண்டேன். இப்போது வந்ததும் வராததுமாக, "புது நாற்காலி செய்றதுக்கு முன்னாடி ஒரு நாள் என்கிட்ட உட்காரு" என்கிறாள். "உன் வேலையைப் பாரு" என்றேன். அதுதான் தன் வேலை என்றாள்.

அளவு சீக்கிரம் வேண்டும்.

பம்பரம்

*

பிப்ரவரி 6

அன்புள்ள பம்பரத்துக்கு,

அளவு அனுப்புகிறேன். எனக்குச் சாணும் விரலும்தான் கணக்கு. மருந்துக்கடையம்மா டேப் வைத்து எல்லாவற்றையும் மில்லிமீட்டராக மாற்றித் தனித்தாளில் எழுதியிருக்கிறாள். இருக்கை அகலம், முதுகுத் தட்டின் உயரம், கால் பலகை, சக்கரம் அடியில் விரிந்து மேலே குறுகும் கணக்கு, பின்னால் கவிழாமல் இருக்க வைத்த குட்டிச் சக்கரம், எல்லாம் இருக்கிறது. "இது என்ன, ஊசி மருந்து அளவு மாதிரி இவ்ளோ துல்லியமா கேக்கறாங்க" என்கிறாள்.

இருக்கையைத் தாங்கும் உயரத்துக்கு இடது பக்கத்து அளவை மட்டும்தான் கொடுத்திருக்கிறேன். வலதுக்கும் அதையே வைக்கச் சொல்.

அந்த அரை விரலை இந்தத் தடவையாவது எடுத்துவிடு அம்மாடி. ஒன்பது வருஷத்துக்கு முன்னாலேயே எழுதினேன். நீ பெரிய கோப்பை வாங்கின வருஷம், தோளுக்கு முதல் ஊசி போட்டுக்கொண்ட வருஷம். அது என் தப்பு, மாற்றிவிடு என்று விலாவாரியாகச் சொல்லி எழுதினேன். நீ அதற்கு ஒரு வார்த்தை பதில் போடவில்லை. கோபம் என்று புரிந்துகொண்டேன். அதற்குப் பிறகு உனக்கு வந்த நாற்காலிகள் எல்லாமே அதே சாய்வோடு வந்ததைப் படத்தில் பார்த்தேன். தெரிந்தே வைத்துக்கொண்டிருக்கிறாள், ஜெயிக்கிறாள், இனி நாம் என்ன சொல்வது என்று வாயை மூடிக்கொண்டேன். இப்போது டாக்டரம்மா சொன்னதைக் கேட்டபின் மூடிக்கொண்டிருக்க முடியவில்லை.

நெட்டையோடு சண்டை வேண்டாம்.

மாமா

*

பிப்ரவரி 19

மாமாவுக்கு,

என்ன தப்பு? எந்தக் கடிதம்?

உங்கள் கடிதங்கள் அத்தனையும் என்னிடம் இருக்கின்றன. ஊர் ஊராகத் தூக்கிக்கொண்டு போகிற பெட்டியில், மட்டை நரம்புக் கட்டுக்குக் கீழே. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் வந்தவற்றைக் கட்டிலில் பரப்பி ஒவ்வொன்றாகப் படித்தேன். அம்மா கையெழுத்தில் பதினொன்று இருக்கிறது. தண்ணீர்க் குழாய் உடைந்தது இருக்கிறது. கித்தான் தைக்கிற ஊசி அண்ணனுக்குக் கண் ஆபரேஷன் ஆனது இருக்கிறது. நாற்காலியைப் பற்றி ஒரு எழுத்து இல்லை.

சாய்வு தப்பு என்கிறீர்களா? நீங்கள் எனக்காக யோசித்து வைத்தது என்று நான் இருபத்து நாலு வருஷமாகச் சொல்லி வருகிறேன். போன மாதம்கூட அந்தப் பத்திரிகைக்காரரிடம் சொன்னேன்.

மெக்கானிக் மார்ச் பத்துவரை காத்திருப்பார். என்ன நடந்தது என்று முழுசாக எழுதுங்கள். சுற்றி வளைக்காமல்.

*

மார்ச் 2

பம்பரத்துக்கு,

உன் கடிதத்தை மருந்துக்கடையம்மா மூன்று தடவை படித்தாள். மூன்றாவது தடவைதான் எனக்கு ஏறியது. அன்றைக்கு மத்தியானம் நான் சாப்பிடவில்லை.

சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். பட்டறை வாசலில் ஒரு சிமெண்ட் பெஞ்சு இருந்ததே, வருகிறவர்கள் உட்கார, நானே கலவை போட்டுக் கட்டியது. மழைத் தண்ணீர் தேங்கக்கூடாது என்று அதற்கு ஒரு பக்கமாக அரை விரல் சரிவு கொடுத்திருந்தேன். உன்னை அளவெடுத்த அன்றைக்கு அந்தப் பெஞ்சில்தான் உட்கார வைத்தேன். பெஞ்சிலிருந்து உன் அக்குள் வரைக்கும் இரண்டு பக்கமும் கம்பி வைத்துச் சாக்குக்கட்டியால் குறித்தேன். உன் உடம்பில் ஒரு பக்கம் ஏறியும் ஒரு பக்கம் இறங்கியும் இருக்கிறது என்று நினைத்து, அதற்கு ஏற்றபடி வலது தாங்கியை அரை விரல் குறைத்து வெட்டினேன். ஏறி இறங்கியிருந்தது பெஞ்சு. உன் உடம்பு இல்லை. சரிவு வைத்தவனும் நான், மறந்தவனும் நான். சரிவு பார்க்கிற ரசமட்டம் கைக்கு எட்டும் தூரத்தில் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.

நீ முதல் போட்டியில் ஜெயித்துவிட்டாய். உன்னை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு தெருவெல்லாம் வந்தார்கள். இருபது நாள் கழித்து மழை. பட்டறை வாசலில் நின்று மழை பார்த்துக்கொண்டிருந்தேன். பெஞ்சின் மேல் விழுந்த தண்ணீர் எல்லாம் ஒரே பக்கமாக வழிந்து போயிற்று. அப்போதுதான் தெரிந்தது.

மறுநாள் ஒருத்தர் பட்டறைக்கு வந்து, உன் நாற்காலியின் இருக்கையில் ஒரு டென்னிஸ் பந்தை வைத்தார். பந்து தானாக வலது பக்கம் உருண்டு கீழே விழுந்தது. யார் என்று கேட்காதே. நான் சத்தியம் வாங்கி அடைத்த வாய் அது. அந்த வாய் இன்றைக்குவரை சத்தியத்தைக் காப்பாற்றுகிறது. உன் கோச் விசில், "ஜெயிக்கிற வண்டியில கை வைக்காதீங்க" என்றார். உன் அம்மா, "அண்ணே, விடு. அவ சிரிக்கிறா" என்றாள். நீ அதற்கு முன்னால் இரண்டு வருஷமாகச் சிரித்ததில்லை. விட்டேன்.

ஒன்பது வருஷத்துக்கு முன் உனக்கு ஊசி போட்டதைக் கேள்விப்பட்டதும் பொறுக்கவில்லை. உன் அம்மாவை உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். அவள் எழுதினாள். எழுதி முடித்து எனக்குப் படித்தும் காட்டினாள். பெஞ்சு, மழை, பந்து, எல்லாம் நான் சொன்னபடியே, ஒரு வார்த்தை பிசகாமல் படித்தாள். தாளில் அது இல்லை என்கிறாய். அப்படியென்றால் எதைப் பார்த்துப் படித்தாள்? என் தங்கை, என் முகத்துக்கு எதிரே, வெறும் காற்றைப் பார்த்துப் படித்திருக்கிறாள். எனக்கு எழுத்துத் தெரியாதது முதல் தடவையாக இப்போதுதான் வலிக்கிறது.

அவள்மேல் கோபப்படாதே. பட்டால் என்மேல் படு, நான் உயிரோடு இருக்கிறேன், பதில் சொல்வேன்.

இன்னொரு பொய்யையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நாற்காலி கொக்கியில் தொங்கவில்லை. எட்டு மாதமாக நான் அதில்தான் உட்கார்ந்திருக்கிறேன். முட்டி இரண்டும் போய்விட்டது, வீட்டுக்குள் வேறு எப்படி நகர்வது? என் உடம்புக்கு அது இறுக்கம், இடுப்பைக் கிள்ளுகிறது. மூன்றாம் மாதமே வலது தோளில் வலி வந்துவிட்டது. ஜன்னலுக்கும் அடுப்படிக்கும் நடுவே உருட்டுகிற கிழவனுக்கே இந்த வலி என்றால், இருபத்து நாலு வருஷம் அதே சாய்வில் உட்கார்ந்து பந்தடித்தவளுக்கு எப்படி இருக்கும் என்று அப்போதுதான் உடம்பால் தெரிந்தது.

மருந்துக்கடையம்மா பேனாவை நிறுத்திவிட்டு என்னைப் பார்க்கிறாள். எழுதும்மா, இதையும் எழுது.

மாமா

*

மார்ச் 15

மாமாவுக்கு,

அம்மாவின் அந்தக் கடிதம் எது என்று கண்டுபிடித்துவிட்டேன். தேதியை வைத்துத் தெரிந்தது. முழுவதையும் எழுதுகிறேன், மருந்துக்கடையம்மாவைச் சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள்.

"மாமா நலம். நான் நலம். வெயில் அதிகம். தோளுக்குத் தைலம் தேய்த்துக்கொள். வலது பக்கமாகச் சாய்ந்து படுக்காதே. தைலம் தேய்த்துக்கொள். முடிந்தபோதெல்லாம் நிமிர்ந்து உட்கார். இத்துடன் தைலம் இரண்டு புட்டி. தோளுக்கு மறக்காமல் தேய்த்துக்கொள்."

இவ்வளவுதான். ஒரே தாளில் மூன்று தடவை தைலம். அம்மாவால் எழுத முடிந்தது அவ்வளவுதான் போலிருக்கிறது. 'நிமிர்ந்து உட்கார்' என்று எழுதுகிறவளுக்கு, ஏன் நிமிர முடியவில்லை என்று எழுத இன்னும் ஒரு வரி போதும். அந்த வருஷம் எனக்கு வயது இருபத்தொன்பது. தோள் அப்போது பாதிகூடக் கெடவில்லை. அந்த ஒரு வரி எனக்கு வந்திருந்தால்?

அம்மா செத்துப்போனது வசதியாகிவிட்டது. சண்டை போட ஆள் இல்லை. உங்களோடு போடலாம் என்றால், நீங்கள் என் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு தோள் வலிக்கிறது என்கிறீர்கள்.

இருபத்து நாலு வருஷமாக நான் ஒரு பெஞ்சின் மழைச் சரிவில் உட்கார்ந்திருக்கிறேன். ஊர் ஊராகப் போனேன், எழுபது எண்பது மைதானம் பார்த்தேன், அந்தப் பெஞ்சைவிட்டு எழுந்திருக்கவே இல்லை.

மெக்கானிக்கிடம் பழைய சாய்வையே வைக்கச் சொல்லிவிட்டேன். வலதுக்கு நீங்கள் தராத அளவை, உடைந்த சட்டத்தில் அவரே எடுத்துக்கொண்டார். தேர்வுப் போட்டிக்கு இன்னும் மூன்று வாரம். நேராக உட்கார்ந்து ஆட எனக்குத் தெரியாது. சின்ன வயதில் கற்றுக்கொண்டதை மூன்று வாரத்தில் எங்கே போய்க் கழற்றி வைப்பது? உங்கள் தப்பு இப்போது என் கை. வெட்டி எறிய முடியாது.

கொஞ்ச நாளைக்கு எனக்கு எழுத வேண்டாம்.

*

மார்ச் 28

பம்பரத்துக்கு,

எழுத வேண்டாம் என்றாய். இது ஒன்றை மட்டும் வாங்கிக்கொள்.

இனிமேல் எழுதினதை ஒருவர் படித்தால் எனக்குப் போதாது. மருந்துக்கடையம்மா படித்துக் காட்டியபிறகு, சிலிண்டர் கொண்டு வருகிற ஆளைக் கதவருகே நிறுத்தி அவனையும் படிக்கச் சொன்னேன். "பெரியவரே, நான் மூணாவது மாடிக்கும் போகணும்" என்றான். முதுகில் சிலிண்டரோடு நின்றே படித்தான். இரண்டும் ஒன்றாகத்தான் இருக்கிறது. மருந்துக்கடையம்மாவுக்குக் கோபம். "என்மேல நம்பிக்கை இல்லையா தாத்தா" என்கிறாள். உன்மேல் இல்லைம்மா, என் தங்கைமேல் எனக்கு இருந்தது இதைவிட அதிகம் என்றேன்.

சொல்ல வந்தது இதுதான். உன் அம்மா மோசக்காரி இல்லை. அந்த அரை விரலை எடுத்தால் நீ தோற்பாய், தோற்றால் வேலை போகும், வீடு போகும், திரும்பவும் சிரிப்புப் போகும் என்று பயந்தாள். நீ இப்போது பயப்படுகிறாயே, அதே பயம். அவள் ஒன்பது வருஷம் முன்னால் பயந்தாள், அவ்வளவுதான் வித்தியாசம்.

மாமா

*

ஏப்ரல் 20

மாமாவுக்கு,

அரையிறுதிவரை வந்தேன். அணியில் இடம் கிடைத்துவிட்டது. வீடும் இருக்கிறது. நீங்கள் கவலைப்படுவீர்கள் என்று இதை முதலில் சொல்கிறேன்.

மறுநாள் காலையில் கண் விழித்தபோது வலது கை எழும்பவில்லை. வலிகூட இல்லை, கை அங்கே இல்லாத மாதிரி இருந்தது. நாற்காலி கட்டிலிலிருந்து இரண்டடியில் நிற்கிறது. கூப்பிட எனக்கு வெட்கம். பத்தரை மணிவரை படுத்தபடியே அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதுவும் வலது பக்கம் சாய்ந்துகொண்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. துப்புரவு வேலைக்கு வரும் அக்கா கதவைத் திறந்து, "போட்டிதான் முடிஞ்சிடுச்சே, நல்லா தூங்கட்டும்னு விட்டுட்டேன்" என்றாள். அவள்தான் தூக்கி உட்கார வைத்தாள்.

நான்கு நாளில் கை பாதி திரும்பியது. டாக்டரம்மா இப்போது வருஷக் கணக்கில் பேசுவதில்லை, மாதக் கணக்கில் பேசுகிறாள். பெரிய போட்டிக்கு இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது.

மெக்கானிக் ஒரு காரியம் செய்திருக்கிறார். நான் சாய்வு கேட்டேன், கொடுத்தார். ஆனால் வலது தாங்கியில் நாலு துளை போட்டு வைத்திருக்கிறார். திருகைக் கழற்றி மேல் துளையில் மாட்டினால் இருக்கை நேராகிவிடும். "உங்களுக்கா எப்ப தோணுதோ அப்ப" என்றார். திருகாணிச் சாவி மேஜைமேல்தான் இருக்கிறது. எடுப்பேன், வைப்பேன்.

நேற்று இருக்கையில் ஒரு பந்தை வைத்துப் பார்த்தேன். நீங்கள் சொன்னபடியே உருண்டது. கட்டிலுக்கு அடியில் போய்விட்டது, குனிந்து எடுக்க முடியவில்லை. இன்னும் அங்கேதான் கிடக்கிறது.

எனக்கு ஒன்று தெரிய வேண்டும். முதல் தடவை பந்து வைத்தது யார்? அன்றைக்குப் பட்டறையில் யார் யார் இருந்தார்கள்? என்னைத் தவிர யாருக்கெல்லாம் தெரிந்திருந்தது? சத்தியம் வாங்கினேன் என்கிற கதை வேண்டாம். ஒரு பேரையும் விடாமல் சொல்லுங்கள். அவர்கள் முகத்தைப் பார்த்து ஒரு கேள்வி கேட்க வேண்டும்.

பம்பரம்

*

மே 4

அன்புள்ள பம்பரத்துக்கு,

கீழே பம்பரம் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறாய். போன இரண்டு கடிதத்திலும் அது இல்லை என்று மருந்துக்கடையம்மா சொன்னாள். அதைத் திரும்பவும் படிக்கச் சொன்னேன்.

முதலில் என் நாற்காலியை, அதாவது உன் நாற்காலியைப் பற்றி. சிலிண்டர்காரனிடம் இரண்டு இரும்பு வாஷர் வாங்கி வரச் சொல்லி, வலது தாங்கிக்கு அடியில் வைக்கச் சொன்னேன். திருகு துரு ஏறி அசையவில்லை. "எந்தக் காலத்துல மாட்டினது பெரியவரே" என்றான். சர்க்கரை ரயில் கவிழ்ந்த வருஷம் என்றேன். ஒரு மாதிரியாகப் பார்த்தான். மண்ணெண்ணெய் விட்டு ஊற வைத்து மறுநாள் கழற்றினோம். ரசமட்டம் வைத்து அவனைப் பார்க்கச் சொன்னேன். குமிழி நடுவில் நிற்கிறது என்றான். நானும் பார்த்தேன், இதற்கு எழுத்துத் தெரிய வேண்டியதில்லை.

நேராக உட்கார்ந்ததும் இடது பக்கம் கவிழப் போகிற மாதிரி இருந்தது. நாலு நாள் சுவரைப் பிடித்துக்கொண்டேதான் உருட்டினேன். தேநீர் டம்ளரை எடுக்கப் போனால் கை டம்ளருக்குப் பக்கத்தில் போய் நின்றது. ஐந்தாம் நாள் அது போய்விட்டது. இன்றைக்குப் பதினெட்டாம் நாள். தோள் வலி போகவில்லை, ஆனால் ஏறவும் இல்லை. எண்பதைத் தாண்டின உடம்பு ஒன்பது மாதத்துக் கோணலை ஐந்து நாளில் விட்டது. உன்னுடையது இருபத்து நாலு வருஷக் கோணல். கணக்குப் போட எனக்குத் தெரியாது. ஐந்து மாதம் போதுமா என்று தெரிந்த ஆளிடம் கேள்.

இப்போது நீ கேட்டதற்கு வருகிறேன். மழைக்கு மறுநாள் பட்டறையில் என்னையும் சேர்த்து ஐந்து பேர் இருந்தோம்.

விசில். மைதானத்துக் கோட்டைச் சுண்ணாம்பால் புதுப்பித்துக்கொண்டிருந்தபோது அப்படியே உட்கார்ந்து போய்விட்டார். கழுத்தில் விசிலோடுதான் எடுத்தார்கள். உனக்கே தெரியும்.

ஊசி, உன் இருக்கைக்குக் கித்தான் தைத்தவன். "கித்தானை ஒரு பக்கம் இழுத்துத் தச்சா சாய்வு கொஞ்சம் மறையும், செய்யட்டுமா" என்று கேட்டான். வேண்டாம் என்றேன். கண் ஆபரேஷன் சரியாகாமல் இருட்டிலேயே ஏழு வருஷம் இருந்துவிட்டு, போன மழைக்கு முந்தின மழையில் போனான்.

உன் அம்மா.

அப்புறம் நான். என்னைக் கணக்கில் சேர்க்காதே. மருந்துக்கடையம்மா இதை எழுத மாட்டேன் என்கிறாள். எழுதும்மா. நான் கீழே இறங்குவது இனிமேல் ஒரே தடவைதான், அதற்கும் நாலு பேர் போதும்.

ஐந்தாவது ஆளுக்கு அப்போது பதினாறு வயது. உன்னிடம் தோற்றுவிட்டு, அதே மாதிரி நாற்காலி தனக்கும் வேண்டும் என்று அப்பாவைப் பிடிவாதம் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தாள். அப்பா வெளியே பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். அவள் உள்ளே வந்து உன் நாற்காலியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். மடியிலிருந்த பந்தை எடுத்து இருக்கையில் வைத்தாள். பந்து விழுந்தது. எடுத்து மறுபடியும் வைத்தாள், மறுபடியும் விழுந்தது. நான் அவள் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, "அவகிட்ட சொல்லிடாதேம்மா" என்று கையைப் பிடித்துக் கெஞ்சினேன். "சொல்லலை மாமா. ஆனா எனக்கு நேரா செஞ்சு குடுங்க" என்றாள். செய்து கொடுத்தேன், ரசமட்டம் வைத்து. எனக்குக் கொடுத்த வாக்குக்காகத்தான் உன்னிடம் நேராகச் சொல்லாமல், நாற்காலி தின்னுது என்று சுற்றி வளைத்துச் சொல்லி, உன்னிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள். உன் சாய்வை உன் அம்மாவைவிட, என்னைவிட, இருபத்து நாலு வருஷமாக வலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தவள் அவள். அவளிடம் நான் வாங்கின சத்தியத்தை இந்தக் கடிதத்தோடு திருப்பிக் கொடுத்துவிட்டேன் என்று சொல். கட்டிலுக்கு அடியில் கிடக்கிற பந்தையும் அவளையே எடுக்கச் சொல்.

அன்றைக்கு அங்கே இருந்தவர்களில் இன்னும் மிச்சம் இருப்பது, நெட்டை.